டெக்குக்கு எந்தப் பலகை? மூன்று தெரிவுகளும் ஓர் அடிச்சட்டமும்

வீட்டையொட்டி வெளியே அமைக்கும் மரத்தளமான டெக்கைப் புதிதாகக் கட்டுவோரும் பழையதைப் புதுப்பிப்போரும் ஒப்பந்ததாரரிடம் முதலில் பலகையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மருந்தேற்றிய பைன் மரமா, தேக்கு, இப்பே போன்ற கடின மரமா, மர இழையையும் பிளாஸ்டிக்கையும் கலந்து வார்த்த கலவைப் பலகையா என்று மூன்றுக்கு நடுவே மனம் ஊசலாடுவதும் இயல்புதான். பலகையைவிட அதைத் தாங்கும் அடிச்சட்டத்தை முதலில் பார்க்கச் சொல்வேன் என்றாலும், மூன்றின் குணத்தையும் அறிந்தால்தான் அதற்கான காரணம் விளங்கும்.

மருந்தேற்றிய பைன் மூன்றிலும் மலிவானது. செம்புச் சேர்மங்கள் கலந்த கரைசலை அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்துவதால் பூஞ்சையும் கரையானும் எளிதில் அண்டாது. எந்தத் தச்சரும் சாதாரண ரம்பத்தால் இதை அறுத்துப் பொருத்திவிடலாம்; ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஆனால் மருந்து ஊறிய மரம் பெரும்பாலும் ஈரத்தோடுதான் கைக்கு வரும். காயக் காயச் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். ஈரம் காயுமுன் பூச்சு பூசினால் அது உரிந்துவிடும். பலகைமீது சில சொட்டு நீரைத் தெளித்துப் பாருங்கள்: சொட்டு முத்துப்போல நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும், உள்ளே இழுத்துக்கொண்டால் பூசலாம். அதன் பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டியிருக்கும். இன்னொன்று, செம்பு சாதாரண இரும்பு ஆணியை அரித்துவிடும் என்பதால், சூடான துத்தநாகத்தில் தோய்த்த அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே பயன்படுத்த வேண்டும். அறுத்த முனைகளில் மருந்து முழுதாக ஏறியிருக்காது, ஆகவே அங்கே தூரிகையால் மருந்து தடவ வேண்டும். இந்த இரண்டையும் கேட்காமலே சொல்லும் ஒப்பந்ததாரர் தொழில் தெரிந்தவர் என்று நம்பலாம்.

கடின மரத்தின் பெருமை அதன் வைரத்தில், அதாவது முற்றிய உள்மரத்தில் இருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கு மருந்தே இல்லாமல் நெடுங்காலம் நிற்கும், ஆனால் அதே மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதி விரைவில் மக்கிவிடும். எனவே பலகையை இறக்கும்போதே ஓரங்களில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கழிப்பது நல்லது. இப்பே தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. ஒவ்வொரு திருகாணிக்கும் முன்கூட்டியே துளையிட வேண்டும், கருவிகளின் முனை சீக்கிரம் மழுங்கும், எனவே கூலியும் கூடும். எண்ணெய் பூசாமல் விட்டால் வெயிலில் வெள்ளிச் சாம்பல் நிறமாக மாறும். அது நிறமாற்றம் மட்டுமே, வலு அப்படியே இருக்கும். அந்தச் சாம்பல் நிறம் எனக்குப் பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது.

கலவைப் பலகையை விற்பவர்கள் பராமரிப்பே தேவையில்லை என்று சொல்வதுண்டு, அது பாதி உண்மை. பூச்சோ எண்ணெயோ வேண்டாம் என்பது சரிதான். ஆனால் இடைவெளிகளில் சேரும் இலைதழையை எடுக்காவிட்டால் அங்கே ஈரம் தங்கிப் பூஞ்சைக் கறை படியும், ஆகவே சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் அவ்வப்போது தேவை. கீறல் விழுந்தால் மரத்தைப்போல உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்ய இயலாது. கருநிறப் பலகை உச்சிவெயிலில் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். மரம் ஈரத்தால் அகலவாக்கில் விரிகிறது, இதுவோ வெப்பத்தால் நீளவாக்கில் விரிகிறது என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் முனை இடைவெளியைத் தச்சர் பொருத்தும் நாளின் வெப்பநிலைக்கு ஏற்ப விட வேண்டும். மேலும் இது சுமை தாங்கும் பொருள் அன்று: பலகைக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டங்கள் பொதுவாக 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாகவும், பலகையை மூலைவாட்டில் பதித்தால் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகவும் இருக்க வேண்டும்.

இங்கேதான் அடிச்சட்டம் குறுக்கே வருகிறது. மேலே எந்தப் பலகையைப் போட்டாலும் அடியில் பெரும்பாலும் மருந்தேற்றிய மரமே இருக்கிறது. 25 ஆண்டு உத்தரவாதம் உள்ள கலவைப் பலகையை, பாதி ஆயுள் கழிந்த சட்டத்தின்மீது பதிப்பது பழைய வேட்டிக்குப் புதுச் சரிகை தைப்பதைப் போன்றது. என் டெக்கைப் புதுப்பிக்க வந்த தச்சர் மாதிரிப் பலகைகளைக் காரிலேயே விட்டுவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு அடியில் ஊர்ந்து போனார். வீட்டுச் சுவரோடு பொருத்திய சட்டத்தில் அதை அழுத்தினார். கைப்பிடியருகே வரை உள்ளே இறங்கியது. வெளியே எடுத்தபோது நுனியில் ஈரமான பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. மேலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே நீர்த்தடுப்புத் தகடு வைக்காததால் மழைநீர் ஆண்டுக்கணக்கில் அங்கே இறங்கியிருக்கிறது.

டெக்குகள் சரிவது பெரும்பாலும் இந்தச் சுவர்ச் சட்டம் பிடி விடுவதால்தான். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 2015 ஜூனில் ஒரு குடியிருப்பின் பால்கனி இடிந்து 6 பேர் இறந்தபோது, அதைத் தாங்கிய மரங்கள் உள்ளுக்குள் ஈரத்தால் இற்றுப்போயிருந்தது தெரியவந்தது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சை வளராது. ஆகவே நீர்த்தடுப்புத் தகடு, ஆணிக்குப் பதில் போல்ட், குறுக்குச் சட்டங்களின் மேல்விளிம்பில் நீர் இறங்காமல் ஒட்டும் பியூட்டைல் (ரப்பர்) நாடா, அடியில் காற்றோட்டம் ஆகிய நான்கையும் மதிப்பீட்டுத் தாளில் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

சட்டம் திடமாக இருந்தால் மேற்பலகையை மட்டும் மாற்றுவது போதும். சுவர்ச் சட்டமோ தூண்களோ இற்றிருந்தால் முழுதாகக் கட்டுவதே முடிவில் செலவு குறைந்த வழி. டெக்கின்மீது வெந்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்கள் மட்டும் தச்சரோடு நிற்காமல் கட்டமைப்புப் பொறியாளரையும் அழைக்க வேண்டும். அமெரிக்கக் குடியிருப்பு விதிகள் டெக்குக்குப் பொதுவாகக் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 195 கிலோ. 60 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் மட்டுமே அதே பரப்பில் 600 கிலோ வருகிறது.

பராமரிப்பில் ஆளை அமர்த்துவதா, நாமே செய்வதா என்பதில் எனக்குக் குழப்பமில்லை. கழுவுவதையும் பூசுவதையும் நாமே செய்யலாம், உயரழுத்த நீர்ப்பீச்சியை நெருக்கமாகப் பிடித்து மர இழையைப் பிய்க்காத வரை. அடிச்சட்டச் சோதனைக்கு மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை தொழில் தெரிந்தவர் வர வேண்டும்.

என் வீட்டில் சுவர்ச் சட்டத்தையும் நான்கு குறுக்குச் சட்டங்களையும் மாற்றிய பின், கையில் மிஞ்சியதற்கு ஏற்ப மேலே பைன் பலகையே போட்டேன். கைப்பிடிக்கு மட்டும் அலுமினியம் எடுத்தேன். மருந்தேற்றிய மரத்தின் செம்பு அலுமினியத்தையும் அரிக்கும் என்பதால், கைப்பிடியின் ஒவ்வொரு தூணுக்கு அடியிலும் தச்சர் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வைத்த பிறகே போல்டை முடுக்கினார்.