டிபிபிசியா, முட்டை லெசித்தினா?

புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ராடயால் என்ற இரு ஹார்மோன்களைச் செயற்கைச் சவ்வில் கலந்து பார்க்கும் வேலை வந்தபோது, சவ்வு செய்யும் லிப்பிடாக (கொழுப்பாக) முதலில் முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் முட்டை லெசித்தின்தான் வாங்கினேன். விலை குறைவு, அறை வெப்பத்திலேயே இளகியிருக்கும், உடலின் சவ்வுக்கும் கொஞ்சம் நெருக்கம். இப்போது டிபிபிசி (DPPC) என்ற இன்னொரு லிப்பிடுக்கு மாறிவிட்டேன்.

இந்த மூலக்கூறுகளுக்கு நீரை நாடும் ஒரு தலையும் இரண்டு கொழுப்பு வால்களும் உண்டு. இரண்டுக்கும் தலை ஒன்றுதான், வால்தான் வேறு. டிபிபிசியின் இரு வால்களும் 16 கார்பன் நீளம், இரட்டைப் பிணைப்பே கிடையாது. முட்டையில் நீளமும் இரட்டைப் பிணைப்பும் எல்லாம் கலந்துகட்டி.

டிபிபிசி சுமார் 41 டிகிரியில் சட்டென்று உருகும். டிஎஸ்சி (மெல்லச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு வெப்பம் உள்ளே போகிறது என்று அளக்கும் முறை) வரைபடத்தில் ஊசி மாதிரி ஒரு முகடு, அதற்கு முன்னால் 35 டிகிரி வாக்கில் சின்ன மேடு. புரோஜெஸ்டிரோன் சேர்த்தால் அந்த மேடு முதலில் காணாமல் போகும். அப்புறம் முகடு கீழிறங்கி அகலமாகும். முட்டை லெசித்தின் உருகுவதோ பூஜ்ஜியத்துக்கும் கீழே. அதற்குள் தண்ணீரே உறைந்துவிடும், எதைப் பார்ப்பது?

ஆனால் என்னை மாற வைத்தது லெசித்தின் கெட்டுப்போவதுதான். திறந்த பாட்டிலை இரண்டு மூன்று முறை வெளியே எடுத்து வைத்தேன், அவ்வளவுதான். ஹார்மோன் சேர்க்காத குப்பியைப் புற ஊதா ஒளியில், ஆக்சிஜனேறிய கொழுப்பு உறிஞ்சும் 234 நானோமீட்டரில் பார்த்தால் உறிஞ்சல் ஏறியிருந்தது: ஆக்சிஜன் வேலையைக் காட்டிவிட்டது. (புரோஜெஸ்டிரோன் குப்பியில் இந்தச் சோதனை செல்லாது. அதுவே 240 வாக்கில் ஒளியை உறிஞ்சும்.) எந்த லிப்பிட் வேலையிலும் இது தொல்லைதான், ஹார்மோன் வேலையில் வில்லங்கம். ஈஸ்ட்ராடயாலின் முதல் வளையம் பீனால், அது கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். புரோஜெஸ்டிரோனுக்கு அந்த வளையம் இல்லை. ஆக ஒரு குப்பி காக்கப்படுகிறது, இன்னொன்று கெடுகிறது. இரண்டும் சவ்வை வேறு வேறு மாதிரி மாற்றுகின்றன என்று ஒரு வாரம் முழுக்க நோட்டில் எழுதினேன். அதில் ஹார்மோன் செய்தது எவ்வளவு, ஆக்சிஜன் செய்தது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லாமல் பக்கங்களை அடித்துவிட்டேன். டிபிபிசியில் ஆக்சிஜன் தாக்க இரட்டைப் பிணைப்பே இல்லாததால் இந்தக் கவலை இல்லை.

டிபிபிசிக்கும் குறை உண்டு. தண்ணீர் சேர்க்கும்போது 50 டிகிரிக்குச் சூடாக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பியில் காய்ந்து ஒட்டிய லிப்பிட் படலம் கண்ணாடியை விட்டு வராது. 37 டிகிரியில் அது கெட்டியாகவே இருக்கும். உடல் வெப்பத்தில் இளகிய சவ்வுதான் வேண்டுமென்றால் முட்டை லெசித்தினுக்கே போக வேண்டும்: சின்ன ஆம்பியூலாக வாங்கி, திறந்த அன்றே தீர்த்துவிடுங்கள். ஒரு வாலில் மட்டும் இரட்டைப் பிணைப்புள்ள பிஓபிசி நடுவழி என்பார்கள். அதில் நான் தீர்த்தது ஒரே ஒரு பாட்டில், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.