டிஃபெண்டர் போதுமா? ஆடிட்டர் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவரின் விமர்சனம்

ஈரோட்டில் சில ஆடிட்டர் அலுவலகங்களின் கணினிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. புது மெஷின் வாங்கும்போதெல்லாம் ஒரே கேள்வி வரும்: "விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே போதுமா, இல்ல காசு குடுத்து வேற ஆன்டிவைரஸ் போடணுமா?" போதும் என்றுதான் சொல்கிறேன். எத்தனை வைரஸைப் பிடிக்கிறது என்ற கணக்கில் பெரிய நிறுவனங்கள் எல்லாமே ஏறக்குறைய சமம்தான். நான் முதலில் பார்ப்பது, காவலுக்கு வைத்த மென்பொருளிலேயே ஓட்டை விழுந்தால் என்ன ஆகும், அந்த ஓட்டை எப்படி அடைபடுகிறது என்பதை.

எந்த ஆன்டிவைரஸும் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்க வேண்டும், அழிக்கவும் வேண்டும். அதனால் அட்மினுக்கும் மேலான 'சிஸ்டம்' அக்கவுண்டில் அது ஓடுகிறது. அதன் டிரைவர்கள் (ஆழத்தில் வேலை செய்யும் துணை நிரல்கள்) விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. சி.ஏ. பயிற்சிக்கு வந்த ஆர்ட்டிகிள் பையன் சாதாரண லாகினில் ஒரு பென் டிரைவைச் செருகி, ஏதோ கெட்டது உள்ளே வந்துவிட்டது என்று வையுங்கள். அந்த லாகினுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவுதான் அதற்கும். ஆனால் அது ஆன்டிவைரஸையே ஏமாற்றி வேலை வாங்கத் தெரிந்துகொண்டால், மெஷின் முழுவதும் அதன் கைக்குப் போய்விடும். இதைத்தான் பிரிவிலேஜ் எஸ்கலேஷன் என்கிறார்கள்.

டிஃபெண்டரிலேயே இது நடந்திருக்கிறது. அதன் பிடிஆர்.சிஸ் என்ற டிரைவரின் வேலை, கெட்ட கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) பதிவுகளையும் கெர்னல் மட்டத்தில் நீக்குவது. ஒரு கோப்பை நீக்கியதும், அதே இடத்தில் தீங்கில்லாத வேறொரு கோப்பை அது வைக்கும். அப்படி வைக்கும் கோப்பு உண்மையானதா, இல்லை வேறு எங்கோ சுட்டும் லிங்க்கா என்று அது சரிபார்க்கவில்லை. ஆக, சாதாரண உரிமை உள்ள ஒரு நிரல் அங்கே ஒரு லிங்க்கைப் போட்டு வைத்தால், தான் தொடவே முடியாத கோப்பின் மேல் டிஃபெண்டரை எழுத வைக்கலாம். சென்டினல்ஒன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து 2020 நவம்பரில் மைக்ரோசாஃப்டுக்குச் சொன்னார்கள். பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண் வரிசையில் சிவிஇ-2021-24092 என்று எண் பெற்ற இதை, மைக்ரோசாஃப்ட் 2021 பிப்ரவரி 9 அன்று சரிசெய்தது. ஓட்டை அதற்குள் சுமார் 12 வருடம் அங்கேயே இருந்திருக்கிறது. அந்த டிரைவர் எப்போதும் டிஸ்க்கில் இருப்பதில்லை. தேவைப்படும்போது ஏதோ ஒரு பெயரில் இறங்கி, வேலை முடிந்ததும் நீங்கிவிடும். இத்தனை காலம் யார் கண்ணிலும் படாததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

12 வருடம் என்பது பெரிய குறை, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடைத்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. திருத்தம் டிஃபெண்டரின் எஞ்சின் (ஸ்கேன் செய்யும் மூல நிரல்) அப்டேட்டோடு சேர்ந்து வந்தது. யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை, சந்தா புதுப்பித்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டியதில்லை. "அப்புறம் பார்க்கலாம்" என்று அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைந்த அலுவலகங்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு எதுவும் இல்லை.

அடுத்தது எக்ஸ்க்ளூஷன், அதாவது சிலவற்றை ஸ்கேன் செய்யாதே என்று விலக்கி வைப்பது. இங்கேதான் நம் ஊர் அலுவலகங்கள் மாட்டிக்கொள்கின்றன. பழைய ஐ3, 4 ஜிபி ராம், சாதாரண ஹார்டு டிஸ்க் உள்ள மெஷினில் டிஃபெண்டர் ஸ்கேன் ஓடினால் டேலி திணறும். ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்யும் 20ஆம் தேதி நெருங்கும்போது யாருக்கும் பொறுமை இருக்காது. உடனே டேலி ஃபோல்டரை மொத்தமாக ஸ்கேனிலிருந்து விலக்கிவிடுவார்கள். விலக்கிய இடத்தில் கெட்ட நிரல் பதுங்கினால் டிஃபெண்டர் பார்க்காது. போதாததற்கு, இந்த விலக்குப் பட்டியலை எந்தச் சாதாரண லாகினும் ரெஜிஸ்ட்ரியில் படிக்க முடிந்தது. 2022 ஜனவரியில் இது பெரிதாகப் பேசப்பட்டு, பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அனுமதியை மாற்றியது. இருந்தாலும், கணக்கு எழுதும் அலுவலகத்தில் டேலி ஃபோல்டர் விலக்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்கப் பட்டியலே தேவையில்லை. எல்லா லாகினும் எழுதக்கூடிய ஃபோல்டர் வேறு அது. தயவுசெய்து ஃபோல்டரை விலக்காதீர்கள். விலக்கியே ஆக வேண்டும் என்றால், பிராசஸ் எக்ஸ்க்ளூஷனில் டேலி நிரலின் முழுப் பாதையைக் கொடுங்கள். அப்போது டேலி திறக்கும் கோப்புகளுக்கு மட்டும்தான் சலுகை. அதே ஃபோல்டரில் வேறு யாராவது எதையாவது போட்டு ஓடவிட்டால் டிஃபெண்டர் பார்க்கும்.

சரி, காசு கொடுத்து வாங்குவதில் காவல் மென்பொருளிலேயே ஓட்டை என்ற பிரச்சினை இருக்காதா? இருக்கிறது. அவாஸ்ட், ஏவிஜி இரண்டுக்கும் பொதுவான, ஆழமாக ஒளிந்திருக்கும் கெட்ட நிரல்களைத் தேடும் ஆன்டி-ரூட்கிட் டிரைவரில் இரண்டு ஓட்டைகள் பல வருடம் கிடந்து, 2022 தொடக்கத்தில்தான் சரியாயின. அவோஸ்லாக்கர் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) கும்பல் அவாஸ்டின் டிரைவரைத் தாங்களே கையோடு கொண்டுவந்து, பாதுகாப்பு மென்பொருளை நிறுத்தப் பயன்படுத்தியதையும் ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் அதே வருடம் கண்டது. காஸ்பர்ஸ்கி, மெக்கஃபி, சிமான்டெக் என்று வரிசையாகப் பலவற்றிலும் இதே வகைக் குறைகளை சைபர்ஆர்க் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். விண்டோஸில் டிஃபெண்டர் எப்படியும் இருக்கிறது. அதன் மேல் இன்னொன்றைப் போட்டால், சிஸ்டம் அதிகாரத்தோடு ஓடும் இன்னொரு நிறுவனத்தின் நிரலையும் நம்ப வேண்டும்.

குறைகளும் உண்டு. வேகம் பற்றிச் சொல்லிவிட்டேன். அறிவிப்புகள் சில சமயம் ஒன்றும் புரியாத மாதிரி வரும். முக்கிய ஃபோல்டர்களில் தெரியாத நிரல்கள் கைவைக்காமல் காக்கும் கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸை இயக்கினால், நல்ல நிரல்களையும் டாக்குமென்ட்ஸில் எழுத விடாமல் தடுக்கும். பொறுமையாக ஒவ்வொன்றாக அனுமதிக்க வேண்டும்.

டிஃபெண்டரையே வைத்துக்கொள்கிறவர்கள், அதன் அமைப்புகளை வேறு நிரல்கள் மாற்றாமல் தடுக்கும் டேம்பர் புரொடக்‌ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்ட் யூசர் லாகின்தான். முதலாளிக்கும் அதுதான், அவர் முகம் சுளித்தாலும் சரி. விண்டோஸ் 11 இருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷன் பக்கத்தில் வல்னரபிள் டிரைவர் பிளாக்லிஸ்ட் (ஓட்டை உள்ள டிரைவர்களைத் தடுக்கும் பட்டியல்) இயங்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதில் டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் புதிதாக வந்தாலும், விண்டோஸின் சொந்த ஓட்டைகளை அது அடைக்காது.

ஒன்று மட்டும் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. குடோனில் நெட் இல்லாமல் பில் போடும் மெஷினுக்கு எஞ்சின் அப்டேட் தானாக வராது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எம்பிஏஎம்-எஃப்இ (mpam-fe) என்ற டிஃபெண்டர் அப்டேட் கோப்பை இறக்கி, சுத்தமான பென் டிரைவில் கொண்டுபோய் ஓட்டுகிறேன். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் செட்டிங்ஸ், அபவுட் என்று போய் எஞ்சின் வெர்ஷன் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.