தியோங் பாரு சந்தை: வாடகை போக மிஞ்சும் காசில் சாப்பிட ஓர் இடம்

சிங்கப்பூரின் தியோங் பாரு வட்டாரத்தில் குடியிருந்துகொண்டு கையைக் கடிக்காமல் மாதத்தை ஓட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், செங் போ ரோட்டில் இருக்கும் இந்தச் சந்தை இருக்கும்வரை முடியும். 1930களில் கட்ட ஆரம்பித்த பழைய வீடுகள், வளைந்த பால்கனிகள், 2003ல் 20 புளோக்குகளைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவித்ததெல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகுக்கும் சேர்த்துத்தான் வீட்டுக்காரர் வாடகை கேட்கிறார்.

இந்த வட்டாரத்தில் ஒரு கஃபேயில் 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று மெனுவில் போட்டிருந்த தட்டுக்கு பில்லில் 23.98 வந்தது. முதலில் 10% சேவைக் கட்டணம், அப்புறம் அந்தக் கட்டணத்தையும் சேர்த்து அதன் மேல் 9% ஜிஎஸ்டி. குடித்த பச்சைத் தண்ணீருக்குத் தனிக் காசு வேறு, குழாயைத் திறந்தால் குடிக்கிற தண்ணீர் வரும் ஊரில்!

சந்தையின் மாடியில் உள்ள உணவங்காடிக்கு ஏறினால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, பலகையில் போட்டிருக்கும் விலைதான் விலை. கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) இன்னும் இரண்டு வெள்ளிக்குள் கிடைக்கிறது. காலையில் போனால் ச்வீ குவே கடை வரிசையில் நில்லுங்கள். சின்னக் கிண்ண அச்சுகளில் அவித்த அரிசி மாவை வரிசையாகக் கிளப்பி எடுத்து, எண்ணெயில் வதக்கிய உப்பு முள்ளங்கியை மேலே அள்ளிப் போட்டு, ஓரத்தில் மிளகாய் வைத்துத் தருவார்கள். நம் இட்லிக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். சைவக்காரர்களும் ஹலால் பார்ப்பவர்களும் என்ன எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கீழ்த்தளத்தில் ஈரச்சந்தை. கொடுவா மீன், வவ்வால் மீன், இறால் எல்லாம் காலை எட்டு மணிக்குள் போனால்தான் நல்லதாக அமையும், மீன்கார அங்கிள் செதிலைச் சீவி வயிற்றைச் சுத்தம் செய்தே கட்டிக் கொடுத்துவிடுகிறார். பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலையிலிருந்து சாமான் போடும் பை ஒன்றுக்குக் குறைந்தது ஐந்து காசு, இங்கே கேட்காமலே சிவப்புப் பை. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலைக்கு மட்டும் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குத்தான் போகவேண்டும். அதுவும் பெரிய தூரமில்லை, ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறினால் நாலாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா.

குடிமக்கள் குடும்பமாக இருந்தால், கடைகளில் காசுக்குப் பதிலாகக் கொடுக்க அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டில் அங்காடிக்கடைகளுக்கான பாதியை இங்கேயே செலவழிக்கலாம். என்னைப் போல ஒர்க் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில்) இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

குறைகளும் உண்டு. மாடியில் ஏசி இல்லை, மதியம் வியர்த்து ஊற்றும். சனி ஞாயிறு எந்த மேசையைப் பார்த்தாலும் ஒரு டிஷ்யூ பாக்கெட் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும், வெளியூர்க்காரர்களுக்கு அது ஏன் என்று புரியவே புரியாது. தோசை, பரோட்டா கனவோடு வருபவர்களும் ஏமாறுவார்கள். திங்கட்கிழமை பல கடைகள் திறப்பதில்லை, அன்றைக்கு வீட்டில் சமைத்துவிடுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், ஒன்றைக் குறைத்தது அந்த வெக்கைக்காக.