அக்ராவில் எங்கே தங்குவது: ஓசுவா, லபோனேயா, ஈஸ்ட் லெகானா?

கானாவின் தலைநகரில் அறை தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது விமான நிலையத்துக்கு எது பக்கம் என்றுதான். அக்ராவில் அதைப் பார்த்துப் பயனில்லை. விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. இங்கே பேசப்போகும் இடங்களில் பெரும்பாலானவை அதிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கவனிக்க வேண்டியது, அறை விமான நிலையத்துக்குத் தெற்கேயா வடக்கேயா என்பது. ஜேம்ஸ்டவுன், மகோலா சந்தை, குவாமே நிக்ருமா நினைவிடம், பிளாக் ஸ்டார் சதுக்கம் எல்லாம் தெற்கே, கடலை ஒட்டி. குடியிருப்புகள் பெருகியதோ வடக்கே. அதனால் காலையில் ஊரே தெற்கு நோக்கி இறங்கி, மாலையில் வடக்கே ஏறுகிறது. வடக்கே அறை எடுத்தவர் இரண்டு வேளையும் அந்த நெரிசலில் உட்கார்ந்தாக வேண்டும்.

ஓசு

முதல்முறை வருகிறவர்களுக்கு இதுதான் வசதி. விமான நிலையத்திலிருந்து சுமார் 7 கி.மீ. ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் என்று எல்லோரும் சொல்லும் கன்டோன்மென்ட்ஸ் ரோட்டில் வங்கி, ஏடிஎம், சிம் கடை, மருந்துக்கடை, இந்தியச் சாப்பாடு எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். அக்ராவில் இப்படி நடந்தே காரியத்தை முடிக்கக்கூடிய பகுதிகள் அதிகமில்லை. பிளாக் ஸ்டார் சதுக்கம்கூட இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காலையில் விற்கும் வாச்சே வெறும் அரிசியும் காராமணியும்தான். ஆனால் மேலே ஊற்றும் ஷிட்டோ என்ற மிளகாய்ச் சாஸில் கருவாடும் இறாலும் அரைத்திருக்கும். 'ஷிட்டோ வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இஞ்சியும் மிளகாயும் பிசிறிப் பொரித்த வாழைப்பழமான கெலவெலேவைப் பெரும்பாலும் நம்பிச் சாப்பிடலாம். மீன் பொரித்த எண்ணெயா என்று மட்டும் கேளுங்கள்.

ஓசுவின் குறை சத்தம். வெள்ளி, சனி இரவுகளில் பார்களின் ஸ்பீக்கர் விடியும்வரை ஓயாது. சில தெருக்களில் போட்டிக்கு தேவாலயத்தின் முழு இரவு ஜெபமும் உண்டு. மெயின் ரோட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, பின்பக்கத்து அறையாகக் கேளுங்கள். மே, ஜூன் வாக்கில் அக்ராவின் பூர்வகுடிகளான கா மக்களின் மரபுப்படி ஏறக்குறைய ஒரு மாதம் மேளத்துக்கும் பெருஞ்சத்தத்துக்கும் தடை உண்டு (தேதி பகுதிக்குப் பகுதி மாறும்). ஓசுவில் நிம்மதியாகத் தூங்க அதுவே நல்ல காலம். என்ன, மழையும் அப்போதுதான் கொட்டும்.

லபோனே

எங்கள் வாக்கு இதற்குத்தான். ஓசுவை ஒட்டியே இருக்கிறது, டாக்ஸியில் சில நிமிடம். ஆனால் மரநிழல் விழும் அமைதியான குடியிருப்புத் தெருக்கள். வாடகை ஓசுவைவிடக் கொஞ்சம் கூடும். இருட்டியபின் நடக்கும்போது டார்ச் வேண்டும். தெருவோரச் சாக்கடைகள் பல இடங்களில் மூடியில்லாமல், முழங்கால் ஆழத்துக்குத் திறந்தே கிடக்கும். போனைப் பார்த்துக்கொண்டே நடந்தால் காலை முறித்துக்கொள்வது நிச்சயம்.

ஈஸ்ட் லெகான்

பணக்காரப் பகுதி. புது அபார்ட்மென்ட், நீச்சல் குளம், லாகோஸ் அவென்யூவை ஒட்டி நல்ல உணவகங்கள். படங்களைப் பார்த்து மயங்கி முன்பதிவு செய்துவிட்டு, பிறகு தினமும் காரில் பொழுதைக் கழிக்கிறவர்கள் நிறைய. பிளாக் ஸ்டார் சதுக்கம் சுமார் 14 கி.மீ.; சாலை காலியாக இருந்தால் அரை மணி நேரம், மாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். லெகானில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் வேலை இருந்தால் மட்டும் இதைவிட நல்ல இடம் இல்லை.

மற்றவை, சுருக்கமாக

ஏர்போர்ட் ரெசிடென்ஷியல், கன்டோன்மென்ட்ஸ்: தூதரகங்களும் பெரிய ஹோட்டல்களும். அலுவலக வேலையாக வருகிறவர்களுக்குச் சரி. சொந்தக் காசில் தங்க விலை அதிகம்.

லபாடி: கடலுக்காகப் போகலாம், நீந்துவதற்காக வேண்டாம், அடியிழுப்பு பலமானது.

ஜேம்ஸ்டவுன்: பகலில் சுற்றிப் பார்க்க அருமை, தங்க விடுதிகள் குறைவு.

அடபிராகா, அசைலம் டவுன்: மலிவான விடுதிகள், குமாசி நகருக்குப் பேருந்து ஏறும் சர்க்கிள் (குவாமே நிக்ருமா சந்திப்பு) பக்கத்திலேயே. ஆனால் மே முதல் ஜூலை வரை இந்தப் பக்கம் வேண்டாம். ஓடாவ் ஆறு அடைத்துக்கொண்டால் சர்க்கிள் சுற்றுவட்டாரத்தில்தான் வெள்ளம் ஏறும். 2015 ஜூன் 3 இரவு, வெள்ளத்துக்கு ஒதுங்கி நின்றவர்கள்மேல் பெட்ரோல் பங்க் வெடித்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது அங்கேதான்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

'ஜெனரேட்டர் இருக்கிறதா?' என்று கேட்டால் எல்லோரும் 'இருக்கிறது' என்பார்கள். 'கரண்ட் போனால் ஏசி ஓடுமா, லைட்டும் ஃபேனும் மட்டுமா?' என்று கேளுங்கள். தனி அபார்ட்மென்ட் என்றால் மீட்டர் பெரும்பாலும் ப்ரீபெய்டு. கார்டில் காசு தீர்ந்தால் நள்ளிரவானாலும் இருட்டுதான். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால், போனது ஊர் கரண்ட் அல்ல, உங்கள் மீட்டர் காசு என்று புரிந்துகொள்ளலாம். ரீசார்ஜ் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் நிற்கும் நாட்கள் உண்டு, ஆகவே மாடியில் பாலிடேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா என்பதும் முக்கியம். முகவரிக்கு கானாபோஸ்ட் ஜிபிஎஸ் எண்ணோடு (அங்குள்ள டிஜிட்டல் முகவரி எண்) ஒரு அடையாளக் கட்டடத்தின் பெயரையும் வாங்குங்கள். போல்ட், ஊபர் ஓட்டுநர் போனில் கேட்பது இரண்டாவதைத்தான். எங்கே போகிறீர்கள், கையில் பணமா கார்டா என்றும் கேட்பார். கார்டு என்றால் சிலர் ரத்து செய்துவிடுவார்கள். கானா நாணயமான செடியில் நோட்டு வைத்திருங்கள்.

வெளியூர்ப் பயணம் இருந்தால்

கணக்கு கொஞ்சம் மாறும். அபுரி தாவரவியல் பூங்காவுக்கு மதினா, அடென்டா வழியாக வடக்கே ஏற வேண்டும். ஈஸ்ட் லெகானிலிருந்து அது எதிர்த்திசைப் பயணம், காலையில் சாலை விட்டுக்கொடுக்கும். மேற்கே 145 கி.மீ. தள்ளியுள்ள கேப் கோஸ்டுக்கும், சொந்த வண்டி இருந்தால், டெட்டே குவாஷி சந்திப்பில் நெடுஞ்சாலை ஏறி ஊருக்குள் நுழையாமலே மேற்குப் பக்கத்து மல்லாம் போய்விடலாம். ட்ரோட்ரோவில் (பகிர்ந்து ஏறும் மினிவேன்) போகிறவர் அது கிளம்பும் கனேஷிக்கு வந்தாக வேண்டும், அதற்கு ஓசுதான் பக்கம். எங்கிருந்து கிளம்பினாலும் காலை ஐந்து மணிக்குள் கிளம்புங்கள். கேப் கோஸ்ட் வழியிலுள்ள கசோவாவில் சந்தை கூடிவிட்டால் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும்.