பெய்ஜிங் ஃபாயுவானா, ஷியாமென் நான்புத்துவோவா?

சீனாவில் கோயில்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பிக்குகள் உட்கார்ந்து பாடம் படிக்கிற கோயிலைப் பார்க்க வேண்டும் என்றால் கொஞ்சம் தேடிப் போக வேண்டும். எனக்குப் பிடித்தவை இரண்டு: பெய்ஜிங்கில் ஃபாயுவான் கோயில், தெற்கே ஃபூஜியான் மாகாணத்துக் கடலோரத்தில் ஷியாமென் நகரத்தின் நான்புத்துவோ கோயில். இரண்டு வளாகத்திலும் பௌத்தக் கல்லூரி உண்டு, இரண்டுமே பெயர்பெற்றவை. ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று சொல்லவே முடியாது, அவ்வளவு வேறு வேறு.

முதலில் ஒன்று. சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லி வகுப்பறைக்குள் போய் நிற்கிற வேலை இரண்டு இடத்திலும் நடக்காது, அது அவர்கள் படிக்கிற இடம். நாம் பார்க்கப்போவது கோயிலையும், அதன் ஊடே படிப்பு நடப்பதன் அடையாளங்களையும்தான். அதற்கே விடுமுறை மாதங்களைத் தவிர்த்துப் போவது நல்லது.

ஃபாயுவான் பழைய பெய்ஜிங்கின் தெற்குப் பக்கத்தில் சந்துகளுக்கு நடுவே இருக்கிறது. சாய்ஷிகோவ் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். நியூஜியே பள்ளிவாசலும் பக்கம்தான். கொரியா மீது படையெடுத்துப் போய் மாண்ட வீரர்களுக்காக 645-இல் தாங் பேரரசர் தாய்ட்சோங் கட்டச் சொன்ன கோயில் இது. கட்டி முடிந்தது என்னவோ 696-இல். அந்த 645-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து ஏடுகளைச் சுமந்துகொண்டு தலைநகர் சாங்கானுக்குத் திரும்பியதும் அதே ஆண்டுதான். காஞ்சிபுரம் வரை வந்து போனவர் அவர். காஞ்சியைத் தர்மபாலர் பிறந்த ஊர் என்று தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நாளந்தாவில் ஆசிரியராக இருந்த அந்தத் தர்மபாலரின் விளக்கத்தை முதன்மையாக வைத்துத்தான் விஞ்ஞானவாதம், அதாவது நாம் காணும் உலகமெல்லாம் மனத்தின் தோற்றமே என்கிற பௌத்தக் கொள்கை, பற்றிய பெரிய நூலை 659-இல் சீன மொழியில் தொகுத்தார். சீனப் பௌத்தக் கல்லூரிகளில் இன்றைக்கும் அது பாடம். நம் ஊர்க்காரர் ஒருவரின் வாதம் 1,300 ஆண்டு கழித்தும் அங்கே வகுப்பில் அலசப்படுகிறது என்பதை நினைத்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

சீன பௌத்தக் கல்லூரி 1956-இல் இங்கே தொடங்கியது. படிப்பு நடக்கிற இடத்தின் அமைதி உள்ளே நுழைந்ததுமே தெரியும். கூட்டம் குறைவு. பழைய மரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள், வெயிலில் கால் நீட்டித் தூங்கும் பூனைகள், கையில் புத்தகத்தோடு விறுவிறுவென்று கடந்து போகும் இளம் பிக்குகள். ஏப்ரலில் லைலாக் பூத்தால் மட்டும் ஊரே வந்து நிற்கும். 1924-இல் சீனா வந்த தாகூரையும் அந்தப் பூவைக் காட்டத்தான் இங்கே அழைத்து வந்தார்கள். அமைதிக்காகப் போகிறவர்கள் அந்த இரண்டு மூன்று வாரத்தை விட்டுவிடுங்கள்.

நான்புத்துவோ நேர் எதிர். ஐந்து சிகரங்கள் கொண்ட மலை பின்னால், ஷியாமென் பல்கலைக்கழகம் பக்கத்தில், முன்னால் தாமரைக் குளம், எந்நேரமும் ஜனம். கருணையின் வடிவான போதிசத்துவர் அவலோகிதேசுவரரைக் குவான்யின் என்ற தாயாக வணங்கும் தலம். ஊதுபத்தியை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்மூடி முணுமுணுக்கும் பாட்டிகளைப் பார்த்தால் நம் ஊர் அம்மன் சன்னதி நினைவுக்கு வரும். வாசற்படியை மிதிக்காமல் தாண்டித்தான் போக வேண்டும் என்பது அங்கேயும் உண்டு. மலையேறினால் பாறையில் 'புத்தர்' என்ற ஒற்றை எழுத்தை ஆள் உயரத்தைவிடப் பெரிதாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

இங்கே கல்லூரி வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். குரு-சீடர் வழியில் ஒரே பரம்பரைக்குள் கைமாறிக்கொண்டிருந்த கோயிலை 1924-இல் எல்லாப் பிக்குகளுக்கும் பொதுவான மடமாக மாற்றினார்கள், தலைமைப் பிக்குவைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது, மறு ஆண்டே மின்னான் பௌத்தக் கல்லூரி தொடங்கியது. 1927-இல் தாய்ஷூ தலைமைக்கு வந்தார். பிக்கு என்றால் ஈமச்சடங்குக்கு மந்திரம் ஓதுகிறவர் மட்டும்தானா, படித்த பிக்குகள் வேண்டாமா என்று வாழ்நாளெல்லாம் போராடியவர். நடுவில் பல காலம் மூடிக் கிடந்து 1985-இல் மறுபடி திறந்தது. பிக்குணிகளுக்குத் தனிப் பிரிவும் இருக்கிறது, அது நகரத்திலேயே வேறு இடத்தில்.

அப்புறம் சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்கள் சீனாவில் படும் பாடு தெரிந்ததுதான். நான்புத்துவோவின் சைவ உணவகத்தில் அந்தக் கவலை கிடையாது. கோயில் முறைப்படி வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. 'ஆற்றில் அமிழ்ந்த அரை நிலா' என்று ஒரு சூப் வரும். கிண்ணத்துக்குள் ஒரு பக்கம் கறுப்புக் காளான் பிறை மாதிரி அமிழ்ந்திருக்கும், மூலிகை மணக்கும் தெளிந்த சாறு. கவிஞர் குவோ மோருவோ வைத்த பெயர். ஃபாயுவான் பக்கம் போனால் சாப்பாட்டை வேறு எங்காவது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், சுற்றிலும் ஆட்டிறைச்சிக் கடைகள்.

சரி, எதற்குப் போவது? கல்லூரியின் மனநிலையை உணர வேண்டும், தனியாக ஒரு காலைப் பொழுதை அங்கே கழிக்க வேண்டும் என்றால் ஃபாயுவான், யோசிக்கவே வேண்டாம். அம்மா அப்பா, பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் நான்புத்துவோ. ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று ஒரு தமிழர் கேட்டாலும் ஷியாமென் என்றுதான் சொல்வேன். காரணம் நான்புத்துவோ மட்டும் அல்ல. அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம் போனால் குவான்சோ வந்துவிடும். தமிழ் வணிகர்கள் தங்கியிருந்து 1281-இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளப் பண்ணிய துறைமுகம் அது, தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது.

அங்கே கையுவான் கோயிலின் இரட்டைக் கல் கோபுரங்களைப் படமெடுத்துவிட்டுப் பெரும்பாலானவர்கள் முன்வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பிரதான மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். பதினாறு பட்டையில் இரண்டு கல் தூண்கள் நிற்கும். அந்தச் சிவன் கோயில் இடிந்த பிறகு எடுத்து வந்து நிறுத்தியவை என்கிறார்கள். குனிந்து பாருங்கள்: மடியில் இரணியனைக் கிடத்திய நரசிம்மர், இரண்டு மருத மரங்களுக்கு நடுவே உரலை இழுக்கும் கண்ணன்.