முட்டி வலியோட எடை குறைக்க ஒரு இடம்: கடலூர் புதுப்பாளையம் பிசியோ சென்டர்

அஞ்சுக்கு நாலு ஸ்டார். குறைச்ச ஒண்ணு எதுக்குன்னு முதல்லயே சொல்லிடறேன். முட்டி, இடுப்பு வலிக்காரங்களுக்குன்னே நடத்துற சென்டரை முதல் மாடியில வெச்சிருக்காங்க, லிஃப்ட் கிடையாது. கைப்பிடியும் ஒரு பக்கம்தான்.

நான் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு ஜவுளிக்கடையில புடவை செக்‌ஷன். வருஷக்கணக்கா நின்ன வேலை. போன ஆடித் தள்ளுபடி கூட்டத்துல மேல் ரேக்குல இருந்து புடவைக் கட்டை எடுத்துட்டு ஏணியில இறங்கும்போது, வலது கால் தரையில ஊணிடுச்சு, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு. எம்ஆர்ஐ-ல முட்டி ஜவ்வு கிழிசல்னு வந்துச்சு. சின்னக் கிழிசல்தான், ஆபரேஷன் இப்போதைக்கு வேணாம், எடையைக் குறைங்கன்னு எலும்பு டாக்டர் சொன்னாரு. அப்ப நான் 84 கிலோ. எடை குறையணும்னா நடக்கணும், நடந்தா முட்டி வீங்குது, வீங்குனா படுக்கணும், படுத்தா எடை ஏறுது. இதுல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

நடுவுல ஒரு ஜிம்முக்கும் போனேன், பேர் வேணாம். குதிக்கச் சொன்னாங்க, கீழ வரைக்கும் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னாங்க. வலிக்குதுன்னா, "வலிச்சாத்தான்கா கொழுப்பு கரையும்"னு அந்தத் தம்பி சொல்லுச்சு. மறுநாள் முட்டி பன்னு மாதிரி உப்பிடுச்சு.

புதுப்பாளையத்துக்குப் போனது பொங்கல் முடிஞ்சு. முதல் நாள் எக்சர்சைஸே கிடையாது, ஒரே கேள்விதான். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிக்கறீங்க, புடவை விரிச்சுக் காட்ட தரையில உட்காருவீங்களா, வீட்ல இந்தியன் டாய்லெட்டா, சுகர் பிரஷருக்கு என்ன மாத்திரை, கால் திடீர்னு மடங்கி விட்டுடுதா, முட்டி பூட்டிக்கிட்டு நீட்ட முடியாம போகுதா. பூட்டிக்குதுன்னா இங்க சேர்க்க மாட்டோம்க்கா, டாக்டர்கிட்ட திருப்பி அனுப்பிடுவோம்னு அந்த பிசியோ பொண்ணு சொன்னப்பதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. காசு கட்ட வந்தவங்களைத் திருப்பி அனுப்புறேன்னு சொல்ற இடம் எத்தனை இருக்கு?

அடுத்து படி ஏறக் கத்துக் குடுத்துச்சு. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. மாடியில கடையைப் போட்டுட்டு படி ஏற டியூஷன் வேற எடுக்கறீங்களான்னு கேட்டேன். சிரிச்சுதே தவிர பதில் இல்ல.

முதல் மாசம் செஞ்சதை வெளிய சொன்னா இதுக்கா காசுன்னு கேப்பாங்க. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில வெச்சு, தொடையை இறுக்கி அமுக்கிப் பிடிக்கணும். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிக்கிட்டு இன்னொரு காலை நீட்டினபடியே தூக்கணும். உயரமான நாற்காலியில இருந்து கை ஊணாம எழுந்திருக்கணும். அப்புறம் நின்ன இடத்துலயே மிதிக்கிற சைக்கிள், சீட்டை நல்லா ஏத்தி வெச்சு, முட்டி ரொம்ப மடங்காத மாதிரி. கைக்கும் தோளுக்கும் ரப்பர் பேண்ட். தொடைச் சதை பலமாச்சுன்னா முட்டி மேல விழற அடியை அது வாங்கிக்குமாம், அதனால அது தேறாம நீள நடைக்கு விடவே மாட்டேன்னுடுச்சு. சில்வர் பீச்சுல மணல்ல நடந்தா நல்லதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டே இருந்தாரு. மணல்ல கால் புதைஞ்சு திரும்பும், இப்ப கூடவே கூடாது, மஞ்சக்குப்பம் மைதானத்துல சமமான இடமாப் பார்த்து பத்து பத்து நிமிஷமா நடங்கன்னு அந்தப் பொண்ணு தடுத்துடுச்சு.

எனக்கு ரொம்பப் பயன்பட்டது வலிக்கு மார்க் போடறதுதான். பத்துக்கு மூணு வரைக்கும் வலிச்சா செய்யலாம். அதுக்கு மேல போனா நிறுத்திடணும். மறுநாள் காலையில பழைய அளவுக்கு அடங்கியிருக்கணும். வீக்கமோ கூடுதல் வலியோ இருந்தா அடுத்த தடவை பாதி. வலி மாத்திரை போட்டுட்டு வந்து செய்யவும் கூடாது, வலி தெரியாம அதிகமா செஞ்சிடுவோமாம். முட்டியை இறுக்கிப் பிடிக்கிற உறையை (knee cap) மாட்டிக்கிட்டா போதும்னு நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க.

முதல் மாசம் எடை மெஷின் அசையவே இல்லைன்னு சொல்லலாம். வேகமா இறக்க வழி இல்லையான்னு கேட்டேன். வாரத்துக்கு அரை கிலோ போதும், ஒரு கிலோவுக்கு மேல போகக் கூடாது, பட்டினி கிடந்து இறக்கினா சதையும் சேர்ந்து கரையும், பித்தப்பையில கல்லு வரவும் வாய்ப்பு இருக்குன்னு சொல்லுச்சு. உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும்னு சொன்னதும் அந்த அரை கிலோ மேல மரியாதை வந்துடுச்சு. இப்ப கத்திரி ஆரம்பிக்கப் போகுது, 78-ல நிக்கறேன். ஆபரேஷன் பேச்சு இதுவரைக்கும் எழல. ஆனா கிழிஞ்ச ஜவ்வு ஒட்டிக்கும்னு இங்க யாரும் சொல்லல, நானும் சொல்லல.

சாப்பாட்டு விஷயத்துல சென்டர் சுமார்தான். கையில குடுக்கற டயட் ஷீட்டு எந்த ஊருக்கு அடிச்சதோ, ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் ஆயில்னு இருக்குது. மூணரை மணிக்கு டிபன் பாக்ஸ் திறக்கறவளுக்கு அது எதுக்கு? அதை மடிச்சு வெச்சுட்டு பிசியோ பொண்ணே என் சாப்பாட்டைக் கேட்டு எழுதிக் குடுத்துச்சு. சோறு பாதி, காய் ரெண்டு பங்கு, தினம் முட்டையோ சுண்டலோ, வாரத்துல மூணு நாள் நெத்திலியோ சங்கராவோ குழம்புல, வறுவல் வேணாம். சாயங்கால டீக்குச் சர்க்கரை இல்ல, பஜ்ஜி இல்ல. பண்ருட்டியில இருந்து எங்க நாத்தனார் முந்திரி அனுப்பறதைச் சொன்னேன். 100 கிராம் முந்திரி கிட்டத்தட்ட 550 கலோரியாம், அதனால எண்ணித்தான் எடுக்கணும். பலாச்சுளைக்கு மட்டும் இன்னும் பேரம் நடக்குது.

ரிசப்ஷன்ல ப்ரோட்டீன் பவுடர் டப்பாவும், வயித்துல கட்டி வேர்க்க வைக்கிற பெல்ட்டும் விக்கிறாங்க. வேர்வையில போறது தண்ணி, ரெண்டு சொம்பு குடிச்சா திரும்பி வந்துடும். உள்ள இருக்கற பிசியோவே அது வேணாம்கா-ங்குது, வெளிய இருக்கற பொண்ணு பில்லு போடப் பார்க்குது. இதை மேனேஜ்மென்ட் கவனிக்கணும்.

இன்னொண்ணு, எல்லா இடத்துலயும் கிடைக்காதது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது உட்கார வைக்கணும்னு எங்க கடைக்கு லெட்டர் எழுதிக் குடுத்தாங்க. கடை ஊழியருக்கு உட்கார இடம் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021-லயே சட்டம் வந்தாச்சு, ஆனாலும் லெட்டர் போன பிறகுதான் எங்க செக்‌ஷனுக்கு ஸ்டூல் வந்துச்சு. இப்ப அதுக்கு நாலு பேர் போட்டி.

மாசம் 2,500 ரூபா, முதல் நாள் பரிசோதனைக்குத் தனி. ராத்திரி எட்டரைக்கு மூடிடறாங்க, எங்களை மாதிரி கடைக்காரங்களுக்குக் காலை ஏழு மணி பேட்ச்தான் ஒத்து வரும், அது லேடீஸ் பேட்ச். கல்யாணத்துக்குள்ள பத்து கிலோ இறக்கணும்னு வர்றவங்களுக்கு இந்த இடம் சரிப்படாது. போறவங்க பழைய எம்ஆர்ஐ, எக்ஸ்ரே எல்லாம் எடுத்துட்டுப் போங்க, தொளதொளன்னு சுடிதார் போட்டுட்டுப் போங்க. செவ்வாய்க்கிழமை கூட்டம் கம்மி.