சிபிகேயா, கிரியேட்டினினா? டுஷேன் தசைச்சிதைவில் எது எதற்கு உதவும்

நாலு வயதுப் பையன். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல நிமிர்கிறான். காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி (கல்லீரல் கெட்டால் ஏறும் நொதி) எக்கச்சக்கமாக 300. வீட்டில் எல்லோரும் பதறிப்போய்க் கல்லீரல் டாக்டரைத் தேடுகிறார்கள். ஆனால் எஸ்ஜிபிடியும் அதன் கூட்டாளி நொதி எஸ்ஜிஓடியும் தசையிலும் உண்டு. டுஷேன் என்ற மரபணுத் தசைநோயில் டிஸ்ட்ரோஃபின் புரதம் இல்லாததால் தசைச் செல்லின் சவ்வு கிழிந்து இவை ரத்தத்தில் கசிகின்றன. தசையிலிருந்து வராத கல்லீரல் நொதியான ஜிஜிடி சரியாக இருந்தால், கல்லீரலில் ஊசி போட்டுத் திசு எடுக்கும் முன் ஒரு சிபிகே (தசையிலிருந்து கசியும் நொதி) பார்த்துவிடுவது நல்லது.

நோயைச் சந்தேகிக்க சிபிகேக்கு ஈடில்லை. வழக்கமாக 200 வரை இருப்பது இங்கே 10,000, 20,000 என்று நிற்கும். அதுவும் பிறந்ததிலிருந்தே. தசைநோயில் இது ஏறுவதை ஜப்பானில் எபாஷி குழு 1959இலேயே காட்டிவிட்டது. பச்சிளங்குழந்தையின் குதிகால் ரத்தத்தில் இதன் தசை வகையை அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019இல் அனுமதி தந்தது. ஆனாலும் கடும் உடற்பயிற்சி, தசையில் போட்ட ஊசி, ஏன் பிரசவம்கூட இதை ஏற்றிவிடும். கடைசித் தீர்ப்பு மரபணுப் பரிசோதனையில்தான்.

சரி, நோயின் போக்கைக் கவனிக்க? அங்கே சிபிகே காலை வாரிவிடும். தசை கரைந்து கொழுப்பும் நாருமாக மாற மாற, கசிவதற்கே சரக்கு குறையும். '20,000 இருந்தது, 5,000 ஆகிவிட்டது' என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

இந்த வேலைக்கு என் ஓட்டு கிரியேட்டினினுக்கு. அது சிபிகே போலப் புரதம் இல்லை, தசையில் உருவாகும் கழிவு. தசை குறையக் குறைய அதுவும் இறங்கும்; விலையும் மலிவு. ஒரே சிக்கல்: சிறுநீரகம் கெட்டாலும் எண் 'நார்மல்' என்றே காட்டலாம். சிறுநீரகத்துக்கு, தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

இதயத்துக்கு வந்தால், சிபிகேயின் இதய வகை என்று பார்க்கப்படும் சிகே-எம்பியை நம்ப முடியாது, எலும்புத்தசையிலிருந்தே ஏறும். இதயப் பாதிப்பைக் காட்டும் புரதமான ட்ரோபோனின் டி-யும் அப்படித்தான் ஏமாற்றும். ட்ரோபோனின் ஐ தேவலை. எக்கோவும் எம்ஆர்ஐயும் எப்படியும் வேண்டும்.

நோயின் போக்கைக் காட்டுமா என்று பார்க்கப்படும் மயோஸ்டாட்டின், எம்எம்பி-9 போன்ற ரத்தப் புரதங்கள் எல்லாம் இன்னும் ஆய்வுக்கூடச் சரக்கு. அதுவரை, பையன் தரையிலிருந்து எழ எத்தனை நொடி ஆகிறது என்று ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்டாப்வாட்சில் பார்ப்பது அவற்றைவிடத் தெளிவாகச் சொல்லும்.